மார்க்கேசே: ஒரு காவல் வேலை பட்டமான கதை

இத்தாலியக் கதைகளைத் தமிழில் படித்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெரிய வீடும் குதிரை வண்டியும் உள்ளவர் யாராக இருந்தாலும் அவர் 'பிரபு'. மூலத்தில் தூக்கா என்றிருந்தாலும் பிரபு, கோன்த்தே என்றாலும் பிரபு, பரோனே என்றாலும் பிரபு. அவர்களுடைய மனைவிமார் அனைவரும் சீமாட்டிகள். படித்துக்கொண்டே போகும்போது குறை ஒன்றும் தெரியாது. இரண்டு பிரபுக்கள் ஒரே கூடத்தில் நின்று யார் முதலில் உட்காருவது என்று முறைத்துக்கொள்ளும் கட்டம் வரும்போதுதான் விழிப்போம். இருவரும் பிரபு என்றால் சண்டை எதற்கு?

இந்தப் பட்டங்களில் அதிகம் அடிபடுவது மார்க்கேசே. சிற்றரசர் என்கிறார்கள் சிலர். ஜமீன்தார் என்பவர்கள் உண்டு. கோமகன் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுபவர்களும் உண்டு. மூன்றையும் தவறு என்று தள்ள முடியாது. ஆனால் மூன்றும் ஒரே நூற்றாண்டுக்குப் பொருந்தாது. ஏட்டில் ஒரு மார்க்கேசேயைச் சந்தித்தால், அவர் எவ்வளவு பெரியவர் என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஆண்டுக்காரர் என்று கேட்க வேண்டும்.

உச்சரிப்பை இங்கேயே முடித்துவிடலாம். இத்தாலிய எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பலர் 'மார்ச்சீஸ்' என்கிறார்கள். ஓட்டல்களில் 'புருஷெட்டா' என்று கேட்கிறோமே, அந்தப் பண்டத்தின் சரியான பெயர் புருஸ்கெட்டா. அதே விதிதான் இங்கும்: அந்த எழுத்துச் சேர்க்கைக்கு இத்தாலியில் ககர ஒலி. ஆண் என்றால் மார்க்கேசே, பெண் என்றால் மார்க்கேசா, பன்மையில் மார்க்கேசி.

மணியக்காரர் வீடு

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'மணியக்காரர் வீடு' என்று ஒரு வீட்டை இன்றும் கைகாட்டுவார்கள். அந்த வீட்டில் இப்போது மணியம் பார்ப்பவர் எவரும் இல்லை. பேரன் வெளியூரில் மோட்டார் பம்பு விற்றுக்கொண்டிருக்கலாம். பரம்பரையாக வந்த மணியம், கர்ணம் பதவிகளை 1980-இல் தமிழ்நாடு அரசு ஒழித்துவிட்டது. வேலை போய்விட்டது, வேலையின் பெயர் மட்டும் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஒருவர் பார்க்கும் வேலை. பிறகு அவர் மகனும் பார்க்கும் வேலை. பிறகு அந்தக் குடும்பத்தின் உரிமை. பிறகு வேலை இல்லாத வெறும் மரியாதை. கடைசியில் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு சொல். மார்க்கேசே என்ற சொல்லும் இதே வழியில்தான் நடந்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. வழியில் சில பேர் அரசர்களும் ஆனார்கள்.

எல்லைக்காரர்

இந்தச் சொல்லுக்குள் இருப்பது மார்க்கா. ஜெர்மானிய மொழிகளிலிருந்து லத்தீனுக்குள் வந்த சொல் இது. பொருள்: எல்லை, எல்லையை ஒட்டிய நிலம். டென்மார்க் என்ற நாட்டுப் பெயரின் பின்பாதியும் இதுதான். மார்க்காவோடு 'ஏசே' என்ற விகுதியைச் சேர்த்தால் மார்க்கேசே. மிலான் ஊர்க்காரர் மிலானேசே, போலோனியா ஊர்க்காரர் போலோனேசே என்பதுபோல, மார்க்காவைச் சேர்ந்தவர் மார்க்கேசே. நம் 'காரர்' விகுதியைப் போட்டால் எல்லைக்காரர். நான் பார்த்த தமிழாக்கங்கள் எதுவும் இவ்வளவு நேராக இல்லை.

பிரெஞ்சின் மார்க்கி, ஆங்கிலத்தின் மார்க்வெஸ், ஜெர்மனின் மார்க்கிராஃப் எல்லாம் இதே வேரில் முளைத்தவை. சென்னை மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகையின் பெயருக்கு உரிய வைஸ்ராய் ரிப்பன் ஒரு மார்க்வெஸ். அவர் எந்த எல்லையையும் காக்கவில்லை. 1871-இல் அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தபோது சொல்லின் பழைய பொருள் உதிர்ந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

இத்தாலியின் வரைபடத்தில் அட்ரியாட்டிக் கடற்கரையோரம் 'மார்க்கே' என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கோனா அதன் தலைநகர். அந்தப் பெயர் மார்க்கா என்பதன் பன்மை. அங்கோனா, ஃபெர்மோ, கமெரினோ என்ற பழைய மார்க்காக்களின் நினைவு. வேடிக்கை என்னவென்றால், அந்த மாநிலத்துக்காரரை இன்று மார்க்கேசே என்று அழைப்பதில்லை, மார்க்கிஜானோ என்கிறார்கள். சொல் முழுவதையும் பட்டம் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

எல்லையில் மட்டும் ஏன் தனி ஆள்?

774-இல் ஃபிராங்கு மன்னர் சார்லமேன் பாவியா நகரைப் பிடித்து, வட இத்தாலியின் லொம்பார்டு அரசைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அவருடைய ஆட்சியில் நாடு சிறு மாவட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி: கோன்த்தே. லத்தீனில் 'கோமெஸ்', அதாவது உடன் செல்பவர், மன்னரின் தோழர். வழக்கைத் தீர்ப்பது, வரி வாங்குவது, போருக்கு ஆள் திரட்டுவது அவர் வேலை. மன்னர் வேண்டாம் என்றால் அன்றோடு பதவி போயிற்று.

நாட்டின் நடுவில் இந்த ஏற்பாடு போதும். எல்லையில் போதாது. ஒரு கோன்த்தேயின் கையில் இருப்பது ஒரு மாவட்டத்து ஆட்கள் மட்டும். ஆல்ப்ஸ் கணவாயைத் தாண்டி எதிரி இறங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாவட்டத்து ஆட்களைக் கூப்பிட மன்னரின் கட்டளை வர வேண்டும். மன்னரோ ஆல்ப்ஸுக்கு அப்பால், ஆக்கன் நகரில். குதிரையில் ஆள் போய்த் திரும்புவதற்குள் அறுவடை எரிந்து, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டு, எதிரி ஊருக்கே திரும்பியிருப்பான்.

அதனால் எல்லையோரத்தில் பல மாவட்டங்களைச் சேர்த்துக் கட்டி ஒருவர் கையில் கொடுத்தார்கள். அந்தக் கட்டுதான் மார்க்கா. அதை வைத்திருப்பவர் மற்ற கோன்த்தேக்களுக்கு மேலே நின்று, படையைத் தாமே திரட்டித் தாமே நடத்தலாம். வடகிழக்கில் ஃபிரியூலி அப்படியொரு மார்க்கா. ஸ்லாவியரும் பின்னர் ஹங்கேரியரும் வந்த வழி. வடமேற்கில், ஆல்ப்ஸ் கணவாய்களின் அடிவாரத்தில், இவ்ரேயா.

இதில் ஓர் ஆபத்து இருந்தது. காவல்காரர் கையில் பெரிய படையைக் கொடுத்தால் ஒருநாள் அவர் வீட்டுக்காரரைப் பார்க்கும் பார்வை மாறும். 887-இல் பேரரசர் பருத்த சார்லஸ் பதவி இழந்தார். அடுத்த ஆண்டே ஃபிரியூலியின் மார்க்கேசே பெரெங்காரியோ இத்தாலியின் மன்னராக முடிசூட்டிக்கொண்டார். 1002-இல் இவ்ரேயாவின் மார்க்கேசே அர்துயினோவும் பாவியாவில் அதையே செய்தார். எல்லையைக் காக்கச் சொன்ன இரண்டு இடத்திலிருந்தும் இரண்டு மன்னர்கள்!

இதுவரை வந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கோன்த்தே ஒரு மாவட்ட அதிகாரி, மார்க்கேசே, எல்லையில் பல மாவட்டங்களைச் சேர்த்து வைத்திருந்த படை அதிகாரி. இரண்டும் பதவிகள். பட்டம் என்ற எண்ணம் இன்னும் பிறக்கவில்லை.

செங்கல்லால் அடித்த லாடம்

பதவி எப்படிக் குடும்பச் சொத்தானது? பியட்மான்ட் பகுதியில் ஒரு கதை சொல்வார்கள். அலெராமோ என்ற இளைஞன் பேரரசர் முதலாம் ஓட்டோவின் மகளைக் காதலித்து அவளோடு ஓடிப்போனான். பின்னால் மனம் இறங்கிய பேரரசர், "மூன்று நாளில் நீ குதிரையில் சுற்றிவரும் நிலம் முழுவதும் உனக்கு" என்றார். பாதி வழியில் குதிரையின் லாடம் கழன்றது. சுத்தியல் இல்லை. கீழே கிடந்த செங்கல்லை எடுத்து லாடத்தை அடித்துப் பொருத்திக்கொண்டு ஓட்டினான். அவ்வூர்ப் பேச்சில் 'முன்' என்றால் செங்கல், 'ஃப்ரா' என்றால் லாடம் அடிப்பது. அதனால் அந்த நிலம் மோன்ஃபெராட்டோ.

கதை கதைதான். ஆனால் அலெராமோ கதையில் மட்டும் வாழ்ந்தவர் இல்லை. 967 மார்ச் மாதம் ஓட்டோ ராவென்னாவில் எழுதிக்கொடுத்த சாசனம் ஒன்று இருக்கிறது. தானாரோ, ஓர்பா ஆறுகளுக்கும் கடற்கரைக்கும் இடையில், 'ஆளற்ற இடங்களில்' உள்ள பண்ணைகளை அது அலெராமோவுக்குக் கொடுக்கிறது. அந்த நிலம் ஏன் ஆளற்றுக் கிடந்தது? தென் பிரான்சின் புரொவான்ஸ் கடற்கரையில் தளம் அமைத்திருந்த சராசென்கள் என்ற முஸ்லிம் படையினரின் கொள்ளைக்குப் பயந்து மக்கள் ஓடிப்போயிருந்தார்கள். எல்லைக் காவல் என்றால் என்ன என்பதை அந்த இரண்டு சொற்கள் காட்டிவிடுகின்றன.

கவனிக்க வேண்டியது வேறொன்று. பேரரசர் கொடுத்தது நிலம். பதவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மகனும் பேரனும் உழுதுகொண்டிருக்கும் நிலத்தைப் பிடுங்குவது அவ்வளவு சுலபம் இல்லை. சேவைக்கு ஈடாக இப்படிக் கிடைத்து, காலப்போக்கில் குடும்பத்தோடு தங்கிவிட்ட நிலத்துக்கு ஃபியூடோ என்று பெயர். நம் மானியத்தைப் போன்றது. அலெராமோவின் வழிவந்தவர்கள் மோன்ஃபெராட்டோவிலும் சலுட்சோவிலும் நூற்றாண்டுக் கணக்கில் மார்க்கேசேக்களாக ஆண்டார்கள்.

ஏணி இல்லாத காலம்

தூக்கா பெரியவர், அடுத்து மார்க்கேசே, அவருக்கும் கீழே கோன்த்தே என்று ஓர் ஏணியை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய வரலாற்றைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அந்த ஏணி மிகப் பிந்திய காலத்துச் சாமான்.

டஸ்கனியை ஆண்ட மாத்தில்தாவை எடுத்துக்கொள்வோம் (1046–1115). 1077 ஜனவரியில் போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்புக் கேட்டு ஜெர்மன் மன்னர் நான்காம் ஹென்றி பனியில் காத்து நின்றது இந்த அம்மையாரின் கனோசா கோட்டை வாசலில். அவர் கையில் இருந்தது டஸ்கனி மார்க்கா. ஆகவே முறைப்படி மார்க்கேசா. ஆனால் இத்தாலியர் அவரை இன்றுவரை 'பெரிய கோன்த்தெஸா' என்றுதான் சொல்கிறார்கள். அவர் காலத்து ஆவணங்களிலோ பட்டம் நிலையாக இல்லை. அவரே கையெழுத்திட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது: "மாத்தில்தா, அவள் ஏதாவது ஒன்றாக இருந்தால், அது கடவுளின் அருளால்." மன்னரைக் காக்க வைத்த கோட்டைக்காரர் எழுதிய வரி இது.

இன்னொருவர், அவருக்கு முன்பு டஸ்கனியை ஆண்ட மார்க்கேசே ஊகோ. 1001 டிசம்பர் 21-இல் இறந்தவர். ஃபுளாரன்சின் பாடியா தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கவிஞர் தாந்தே தம் காவியத்தில் இவரைப் பெயர் சொல்லாமல் குறிக்கும்போது 'பெரும் பரோனே' என்கிறார். பிந்திய ஏணியில் பரோனே, மார்க்கேசேயைவிடப் பல படி கீழே. தாந்தே விவரம் தெரியாதவர் இல்லை. அவர் காலத்தில் பரோனே என்றால் பெருந்தலைவர், அவ்வளவே.

தம்பிகள் பெருகினால்

ஆங்கிலேயர் வழக்கத்தில் பட்டம் மூத்த மகனுக்குப் போகும். தம்பிகள் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். வட இத்தாலியில் பல குடும்பங்கள் பழைய லொம்பார்டு சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சட்டப்படி எல்லா மகன்களுக்கும் சம பங்கு. நிலத்தோடு பட்டமும் பங்கானது.

இதன் விளைவைப் பார்க்க டஸ்கனிக்கும் லிகுரியாவுக்கும் இடையிலுள்ள லுனிஜானா மலைப்பகுதிக்குப் போக வேண்டும். அங்கே மலாஸ்பினா குடும்பம். மலாஸ்பினா என்றால் 'கெட்ட முள்'. 1221-இல் இரண்டு பங்காளிகள் சொத்தைப் பிரித்தார்கள். மாக்ரா ஆறு வரப்பானது: ஆற்றின் வலக்கரை ஒருவருக்கு, இடக்கரை மற்றவருக்கு. குடும்பச் சின்னமான முட்செடியையும் பிரித்துக்கொண்டார்கள். ஒரு கிளையின் கேடயத்தில் முள் காய்ந்து நிற்கும், மற்றதில் பூத்திருக்கும். உலர்ந்த முள் மலாஸ்பினா, பூத்த முள் மலாஸ்பினா என்றே பெயர். அதற்கடுத்த தலைமுறைகளிலும் பிரித்தார்கள், பிறகும் பிரித்தார்கள். கடைசியில் குன்றின்மேல் ஒரு கோட்டையும் கீழே ஓர் ஊரும் இருந்தால் அங்கே ஒரு மார்க்கேசே என்ற நிலை வந்தது.

ஏளனமாகச் சொல்லவில்லை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட தாந்தேயை இந்தச் சின்ன மார்க்கேசேக்கள் 1306-இல் வீட்டில் வைத்துச் சோறு போட்டார்கள். அவரும் அக்டோபர் 6 அன்று அவர்கள் சார்பில் லூனி ஆயரோடு சமாதான ஒப்பந்தம் முடித்துக்கொடுத்துக் கடனைத் தீர்த்தார்.

பின்னாளில் பட்டத்தின் முழு உரிமை மூத்தவருக்கு என்று ஆன குடும்பங்களிலும் தம்பிகளுக்கு ஒரு வழி இருந்தது: பெயருக்குப் பின்னால் 'தேய் மார்க்கேசி' என்று போட்டுக்கொள்வது. 'மார்க்கேசேக்கள் வீட்டுப் பிள்ளை' என்று பொருள். நம் ஊரில் 'மிராசுதார் வீட்டுப் பையன்' என்பதில்லையா, அதேதான்.

சுருக்கமாக: காவல் வேலை நிலமானது, நிலம் பங்கானது, பங்கு தோறும் பட்டமும் கூடவே போனது.

பன்னிரண்டாயிரம் ஃபுளோரின்

மாந்துவா நகரைக் கொன்சாகா குடும்பம் 1328-இல் பிடித்தது. முன்பிருந்தவர்களைத் துரத்திவிட்டு, 'தலைவர்' என்ற உள்ளூர்ப் பதவியோடு ஆண்டுகொண்டிருந்தார்கள். அதிகாரம் இருந்தது, மரியாதையான பெயர் இல்லை. 1433-இல் ஜான்ஃபிரான்செஸ்கோ கொன்சாகா பேரரசர் சிகிஸ்முண்டிடமிருந்து மார்க்கேசே பட்டம் பெற்றார். விலை 12,000 தங்க ஃபுளோரின். மாந்துவா ஆல்ப்ஸ் கணவாயில் இல்லை. போ சமவெளியில், ஏரிகள் சூழ்ந்த நகரம். எல்லை என்ற பேச்சே இங்கு இல்லை. சொல்லின் வாழ்க்கையில் இது ஒரு திருப்பம். பழைய மார்க்கேசேக்களுக்குப் பதவியைப் பின்தொடர்ந்து பெயர் வந்தது. இவருக்குப் பெயரே தனியாக விலைக்கு வந்தது.

இவர் மகன் லுதோவிக்கோவை நாம் நேரில் பார்க்கலாம். மாந்துவாக் கோட்டையில் ஓர் அறையின் சுவர்களில் மாந்தேன்யா தீட்டி 1474-இல் முடித்த ஓவியத்தில் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. மார்க்கேசே கையில் மடிப்பு விழுந்த கடிதத்தோடு, நாற்காலியில் பாதி திரும்பி, காதருகே குனியும் ஆளிடம் ஏதோ சொல்கிறார். நாற்காலிக்கு அடியில் அவருடைய நாய் படுத்திருக்கிறது. நடுவில் நிமிர்ந்து அமர்ந்திருப்பவர் மனைவி பார்பரா; பிராண்டன்பர்க்கிலிருந்து வந்த மார்க்கிராஃப் ஒருவரின் மகள். எல்லைக்காரர் வீட்டுப் பெண் எல்லைக்காரர் வீட்டுக்கே வாழ வந்திருக்கிறார். இரு வீட்டாருக்கும் அந்தச் சொல்லின் பழைய பொருள் அன்றைக்குக் கவலையாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மாந்துவாவின் மார்க்கேசேயைத் தூக்காவாக உயர்த்தினார். அதாவது, இதற்குள் ஏணி வந்துவிட்டது.

அந்த ஏணி, மேலிருந்து கீழாக: பிரின்சிப்பே, தூக்கா, மார்க்கேசே, கோன்த்தே, விஸ்கோன்த்தே, பரோனே. தெற்கே நேப்பிள்ஸையும் சிசிலியையும் ஸ்பெயின் ஆண்டபோது, பணமுடை வந்த போதெல்லாம் பட்டங்கள் பெருகின. சின்னங்களில் வரையும் கிரீடத்துக்கும் கணக்கு வந்தது. கோன்த்தேயின் கிரீடத்தில் வரிசையாக முத்துகள், பார்வைக்குத் தெரிபவை ஒன்பது. தூக்காவினுடையதில் பொன் இலைகள், தெரிபவை ஐந்து. மார்க்கேசேக்கு இரண்டும் கலந்து: மூன்று பொன் இலைகள், அவற்றுக்கு இடையில் மும்மூன்று முத்தாக இரண்டு குவியல். பழைய மாளிகையின் வாசல் வளைவில் கேடயம் தெரிந்தால் மேலே இருக்கும் இலையை எண்ணுங்கள். வீட்டுக்காரர் எந்தப் படியில் நின்றார் என்று சொல்லிவிடலாம்.

நிலம் போன பின்

1806 ஆகஸ்ட் 2 அன்று நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட் நேப்பிள்ஸ் அரசில் ஃபியூடோ முறையை ஒழித்தார். வழக்குத் தீர்க்கும் உரிமை, சுங்கம் வாங்கும் உரிமை எல்லாம் போயின. பட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ள விட்டார்கள். ஒருங்கிணைந்த இத்தாலி 1861-இல் பிறந்தது. பட்டம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சரிபார்க்க 1869-இல் ஓர் ஆலோசனை மன்றம் அமைந்தது. அதுவரை ஆளைக் காத்த பட்டத்தை இப்போது காகிதம் காத்தது.

இந்தக் கடைசிக் காலத்து மார்க்கேசேக்களில் நமக்குப் பழக்கமானவர் வானொலியின் மார்க்கோனி. 1909-இல் நோபல் பரிசு பெற்ற அவருக்கு 1929-இல் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மார்க்கேசே பட்டம் கொடுத்தார். எல்லா எல்லைகளையும் தாண்டிப் போகும் அலைகளைப் பரப்பியவருக்கு 'எல்லைக்காரர்' என்று பெயர்! கொடுத்தவருக்கு இந்த முரண் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். சட்டம் படித்தவர்களுக்கு இன்னொருவரைத் தெரியும்: சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்து 1764-இல் எழுதிய மிலான் நகரத்துப் பெக்கரியா. அவரும் மார்க்கேசேதான், பிறப்பால் வந்தது.

1946 ஜூன் 2 அன்று வாக்கெடுப்பில் மன்னராட்சி தோற்றது. 1948 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் கடைசிப் பகுதியில், இடைக்கால விதிகளில் பதினான்காவது, இந்த விஷயத்தை ஒரே மூச்சில் முடிக்கிறது: உயர்குடிப் பட்டங்கள் அங்கீகரிக்கப்படுவதில்லை. ஆனால் ஒரு சலுகை உண்டு. பட்டத்தோடு வரும் ஊர்ப்பெயருக்கு பிரெதிகாத்தோ என்று பெயர். 'இன்ன ஊர் மார்க்கேசே' என்பதில் வரும் அந்த ஊர். 1922 அக்டோபர் 28-க்கு முன்பே இருந்த பட்டமென்றால், அந்த ஊர்ப்பெயரை மட்டும் பெயரின் பகுதியாக வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேதி முசோலினி ஆட்சியைப் பிடிக்க ரோமுக்குப் படை திரட்டிய நாள். அவர் காலத்தில் கிடைத்தவற்றுக்குச் சலுகை கிடையாது.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். மார்க்கேசே என்று சொல்லிக்கொள்வது குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நண்பர்கள் அழைக்கலாம், கல்யாணப் பத்திரிகையில் போடலாம். அரசின் கண்ணுக்கு மட்டும் அப்படியொரு சொல் கிடையாது.

பேச்சு வழக்கில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. 'வீட்டுக்கு விலக்கு', 'தூரம்' என்று நம் பாட்டிமார் சொன்னதை, இத்தாலியப் பெண்கள் "எனக்கு மார்க்கேசே வந்திருக்கிறார்" என்ற பொருள்பட மறைமுகமாகச் சொல்வதுண்டு. முதல் முறை படித்துவிட்டு, இவ்வளவு பேர் வீட்டுக்கு எப்படி அத்தனை பிரபுக்கள் வருகிறார்கள் என்று நான் யோசித்தது உண்மை.

கடைகளிலும் அந்தச் சொல் நிற்கிறது. பியட்மான்டின் பரோலோ ஊரை ஃபலேட்டி என்ற மார்க்கேசே குடும்பம் ஆண்டது. கடைசி மார்க்கேசே கார்லோ தான்கிரேதி 1838-இல் பிள்ளை இல்லாமல் இறந்தார். பிரான்சிலிருந்து வந்த அவர் மனைவி ஜூலியா 1864-இல். அதோடு வம்சம் முடிந்தது. அந்த ஊரின் திராட்சை மதுப் புட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். லேபிளில் 'மார்க்கேசி தி பரோலோ' என்று அச்சிட்டிருக்கும், பன்மையில்.